உள்ளே விட்ட துணி

டாக்டர், "இனிமே வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பியதிலிருந்து அந்த வீட்டில் ஒரே ஒரு பேச்சுக்குத் தடை. மாத்திரையைப் பற்றிப் பேசலாம். குழாயில் தண்ணீர் நூலாக வருவதைப் பற்றிப் பேசலாம். மாடி வீட்டுக்காரன் நடக்கிற நடையில் கூரை பெயர்ந்து தலையில் விழும் என்று திட்டலாம். அந்த ஒன்றை மட்டும் யாரும் வாயில் எடுக்கக் கூடாது. தடை போட்டவர் குடும்பத் தலைவர், பெயிண்டர்.

தடையை மதிக்காத ஆள் ஒருத்திதான். சாகப் போகிற அவர் மனைவி.

"நான் போனப்புறம் இந்த ஜன்னலைச் சாத்தியே வைக்காதீங்க, ரூம் பூசணம் பிடிச்சிடும்" என்பாள், ஏதோ கடைத்தெருவுக்குப் போய்விட்டு வரப் போகிறவள் மாதிரி. பெயிண்டர் காதில் விழாததுபோல எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்த பிரஷ்ஷை இன்னொரு தரம் கழுவுவார்.

போன வாரம் எதிர்வீட்டு நர்ஸம்மாவிடம் சொல்லி வெள்ளைத் துணி வாங்கிவரச் செய்து, மகளின் மடியில் போட்டவளும் அவள்தான்.

"எனக்குக் கடைசியாப் போட ஒரு அங்கி தைச்சுக் கொடு. ரெடிமேடா ஒண்ணை மாட்டி என்னை அனுப்பினேன்னு வை, பெட்டிக்குள்ளயிருந்து எழுந்து திட்டுவேன்."

மகளுக்கு ஊசி என்று பேர் வைத்ததே அம்மாதான். அதிகம் பேசமாட்டாள், பேசினால் குத்தும். துணியை மெஷின் மேல் வைத்தவள், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அம்மா விடவில்லை.

"டேப்பை எடுடி."

"வேலைக்கு நேரமாச்சும்மா."

"உன் கடையை யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. எடு."

ஊசி இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள். அதைப் பார்த்ததும் பெயிண்டர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "வெயிலுக்கு முன்னாடி ப்ரைமர் அடிச்சிடணும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அம்மாவும் தையல்காரிதான். அந்தத் தெருவில் பாதிப் பேர் அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டுதான் ஞானஸ்நானம் வாங்கினார்கள், கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். அளவு கொடுக்கிறவர்கள் எப்படி நிற்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், இப்போது படுத்தபடியே கையை லேசாகத் தூக்கிக் கொடுத்தாள். தோள் எலும்பு டேப்பில் இடறியது. மார்பைச் சுற்றிய டேப் மிச்சமாகத் தொங்கியது. ஊசி அளவை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், வாய்விட்டுச் சொல்லவில்லை.

"என்ன வந்துச்சு?"

"வந்துச்சு."

"அதான் என்ன வந்துச்சுங்கறேன்."

"நீ பேசாம படும்மா. மூச்சு வாங்குது பார்."

ஊசி வேலை செய்வது பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கடையில். ஒரு நீளமான ஹால், இரண்டு வரிசை மெஷின், நடுவில் வெட்டுகிற பெரிய பலகை. எந்நேரமும் பஞ்சு பறக்கும். மாலையில் எல்லார் புருவமும் நரைத்திருக்கும். காலையிலேயே கட்டிங் மாஸ்டரிடம் கேட்டு, பலகையின் ஒரு மூலையை வாங்கிக்கொண்டாள். சாக்பீஸால் கோடு போட்டாள். தையலுக்குப் போக உள்ளே மிச்சம் எதுவும் விடாமல், கோட்டை ஒட்டியே கத்தரிக்கோலை ஓட்டினாள்.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "உள்ள துணி விடலியா? தப்பாக் கோடு போட்டுட்டியா?"

"வேண்டாம் மாஸ்டர். இது திரும்ப வந்து ஆல்டர் பண்ற துணி இல்ல."

மாஸ்டர் வெள்ளைத் துணியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவே இல்லை. மெஷின் ஓரமாக ஒரு டீ மட்டும் வந்து உட்கார்ந்திருந்தது.

மத்தியானத்துக்குள் தைத்து முடித்து, அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஊசி வீட்டுக்கு வந்தாள். நல்ல தையல். கழுத்து வளைவு கண்ணாடி மாதிரி விழுந்திருந்தது. அடி ஓரம் மட்டும்தான் மடிக்க வேண்டியிருந்தது. அம்மா சந்தோஷப்படுவாள் என்றுதான் அவளும் நினைத்தாள்.

பெயிண்டர் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். கையெல்லாம் வெள்ளைப் புள்ளி. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். மருந்து செலுத்த வந்த நர்ஸம்மா, சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துக் காற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அம்மா அங்கியை வாங்கினாள். கழுத்து வளைவைப் பார்க்கவில்லை. முன்பக்கத்தையே பார்க்கவில்லை. தையல்காரிகள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள்: சட்டென்று உள்பக்கம் திருப்பினாள். பக்கத் தையலை விரலால் நீவிக்கொண்டே போனாள். ஒரு நூல் அகலம் கூட மிச்சம் இல்லை.

"உள்ள துணி எங்கடி?"

"எதுக்கும்மா?"

"எதுக்கா? உன் கடையில புள்ளைங்களுக்குத் தைக்கும்போது ஏன் உள்ள அவ்வளவு மடிச்சு விடுறீங்க?"

"புள்ளைங்க வளருவாங்க. பிரிச்சு விட்டுக்கலாம்னு விடறோம்."

"அப்ப நான்?"

ஊசி மெஷின் பக்கம் திரும்பி நூல்கண்டை எடுத்தாள்.

"கேக்கறேன்ல? நான்?"

"அம்மா, இதைப் பிரிச்சுத் தைக்கப் போறது யாரும்மா?"

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது என்ன வார்த்தை என்று அவளுக்கே தெரிந்தது. நர்ஸம்மா சிரிஞ்சை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பெயிண்டர் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

அம்மா கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை. அங்கியை மெதுவாக வயிற்றின் மேல் விரித்துப் போட்டுக்கொண்டாள்.

"அதானே. அப்ப நீ முடிச்சுட்ட. என்னைக் கட்டி, ஓரத்தைத் தைச்சு, நூலைக் கடிச்சுத் துப்பிட்ட."

"அப்படி இல்லம்மா..."

"அளவைப் பாரேன். யாரோட உடம்புடி இது? என்னோடதா? வியாதி தின்னுட்டு வச்ச மிச்சம் இது. இந்த மிச்சத்தை நான் மண்ணுல போட்டுட்டுப் போறேன். கடைசி நாள்ல ஆண்டவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறப்ப, இதையா தூக்கிக்கிட்டு எழுந்து வருவேன்? பழையபடி வருவேன். கையும் காலும் கொழுகொழுன்னு வருவேன். அன்னைக்கு இந்த அங்கி பத்துமா? அக்குள்ல பிடிக்கும்!"

நர்ஸம்மா நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தாள். "அட, பரலோகத்துல துணிக்கா பஞ்சம்? புதுசாவே கொடுப்பாங்களாமே."

"கொடுக்கட்டும். மக தைச்சதைப் போட்டுக்கிட்டுப் போயி, இது என் பொண்ணு தைச்சதுன்னு காட்டின பிறகு அதை வாங்கிக்கறேன்." அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். "துணி மக்கிப் போயிடும்னு எனக்குத் தெரியாதா? நான் கேக்கறது துணியை இல்லடி. வளருவாங்கன்னு நெனச்சா விடற. இத்தோட சரின்னு நெனச்சா விடல. உன் கை என்ன நெனச்சுதுன்னு உன் தையலைப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

பெயிண்டர் எழுந்தார். தட்டைக் கழுவாமல் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"போறார் பாரு" என்றாள் அம்மா. "இந்நேரம் இருக்கிற பிரஷ்ஷெல்லாம் தேஞ்சிருக்கும்."

நர்ஸம்மா மருந்தைச் செலுத்திவிட்டுப் போனாள். வெயில் கட்டில் காலைத் தொட்டுவிட்டு நகர்ந்தது. ஊசி மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா சொன்னது பொய்யில்லை. சபையில் ஊசி பாடாத பாட்டில்லை. யார் வீட்டுத் துக்கம் என்றாலும் முன்வரிசையில் நின்று, மறுபடி பார்ப்போம் என்கிற பாட்டைச் சுருதி பிசகாமல் பாடியிருக்கிறாள். அடுத்தவர் வீட்டில் அது எவ்வளவு சுலபமாக வந்தது! இந்த வீட்டில், இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், அந்தப் பாட்டில் ஒரு வரி கூடத் தொண்டையைத் தாண்டவில்லை. டாக்டர் சொன்ன அன்றே அவளுக்குள் ஏதோ ஒன்று கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது. காலையில் எழுந்ததும் அம்மா இல்லாத வீட்டை ஒத்திகை பார்ப்பதே அவளுக்கு வேலையாக இருந்தது.

அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பழைய அம்மாதான். மெஷின் எண்ணெய் வாசனையோடு, கன்னத்தில் நூல் ஒட்டிக்கொண்டு, மெஷினை மிதிக்கும்போது மேல்கை குலுங்குகிற அம்மா. பின்னாலிருந்து போய்க் கட்டிக்கொண்டால், "தள்ளுடி, லைன் கோணிப் போகும்" என்று திட்டிக்கொண்டே சாய்ந்து கொடுக்கிற அந்த முதுகு. அதைத் திரும்பத் தருவேன் என்று யாராவது சொன்னால் அவள் எந்த மலையை வேண்டுமானாலும் ஏறியிருப்பாள். ஆசைக்குக் குறைச்சல் இல்லை. அந்த ஆசையை நம்பிக்கை என்று சொல்லிக்கொள்ளத்தான் பயமாக இருந்தது.

"அம்மா."

கண்ணை மூடியிருந்த அம்மா, "ம்" என்றாள்.

"எனக்கு உன்னை மாதிரி நம்ப வரல. வரலன்னா என்ன செய்யட்டும்?"

அம்மா கண்ணைத் திறந்தாள். தேடி எடுத்த மாதிரிதான் சொன்னாள். "எனக்கு மட்டும் எந்நேரமும் வருதா என்ன? ராத்திரி வலி வர்றப்ப, 'இருக்கீங்களா, கேக்குதா'ன்னு நானும்தான் கேக்கறேன். பயந்துக்கிட்டே கையை நீட்டறேன். பிடிச்சுக்கறார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"நீ பயப்படுவியா?"

"ஏன், நான் என்ன இரும்பா?"

ஊசிக்கு அதைக் கேட்டதும் எங்கிருந்தோ அழுகை வந்தது. கட்டில் சட்டத்தில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். அம்மா அவள் தலையில் கையை வைத்தாள். கைக்கு எடையே இல்லை.

வெயில் தாழ்ந்த பிறகு பெயிண்டர் வந்தார். கக்கத்தில் காகிதத்தில் சுற்றிய பெரிய பொட்டலம். கட்டிலில் வைத்துப் பிரித்தார். வெள்ளைத் துணி. பெயிண்டராச்சே, வெள்ளையில் தப்பு வருமா? நர்ஸம்மா வாங்கிவந்த துணியும் இதுவும் பக்கத்தில் வைத்தபோது ஒரே வெள்ளையாக இருந்தன.

"கடையில இருந்த வெள்ளையெல்லாம் வெளிச்சத்துல தூக்கிட்டு வந்து பாத்தேன்" என்றார் யாரையும் பார்க்காமல். "ஒண்ணு நீலம் அடிக்குது, ஒண்ணு மஞ்சள் அடிக்குது. கடைக்காரன் கடுப்பாயிட்டான். 'எதுக்குங்க துணி, கல்யாணத்துக்கா?'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?" அம்மா கேட்டாள்.

பெயிண்டர் பொட்டலக் காகிதத்தை நாலாக மடித்தார். "என் சம்சாரத்துக்குன்னேன். அவ போகப் போறான்னேன்."

சொல்லிவிட்டார். தடை போட்டவரே, ஒரு கடை நடுவில் நின்று, முன்பின் தெரியாத ஆளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

ஊசி துணியைப் பிரித்துக்கொண்டே போனாள். முடிகிற வழியாக இல்லை. "என்னப்பா இது? ரெண்டு பேருக்கு ஆகும் போலிருக்கே."

"ரெண்டு பேருக்குத்தான்."

"யாரு ரெண்டு பேர்?"

"எனக்கும் ஒரு நாள் வேணும்ல? அதுலயே எடுத்து வை." முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒரே சுவத்துக்கு வேற வேற டப்பா வெள்ளையை அடிச்சா, காஞ்சதும் காட்டிக் கொடுத்துடும். அங்க போயி அவ ஒரு வெள்ளை, நான் ஒரு வெள்ளைன்னு நிக்கணுமா? ஒரே சுருள்ல எடுத்துட்டேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "இத்தனை நாளா இந்த மனுசன் நான் ஒரு பேச்சு எடுத்தா ஓடினாரே! இப்ப எனக்கு முன்னாடி துணி எடுத்துட்டு வந்து நிக்கறார்!"

"நீ கையைக் காட்டுன பக்கம்தானே நான் எப்பவும் வருவேன். கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்."

ஊசி பழைய அங்கியைத் தள்ளி வைத்தாள். புதுத் துணியைத் தரையில் விரித்தாள். சாக்பீஸைக் கையில் எடுத்தவள் நின்றுவிட்டாள். பழைய அளவு எங்கே? அம்மா தனக்குத் தைத்துக்கொண்டதெல்லாம் கண் அளவுதான். போட்டிருந்த துணிகளை எல்லாம் வியாதி வந்த பிறகு பிடித்துத் தைத்தாகிவிட்டது.

சற்று யோசித்தாள். எழுந்து நின்றாள். இரண்டு கையையும் முன்னால் வளைத்து, காற்றைக் கட்டிப் பிடித்தாள். அந்த முதுகைக் கட்டினால் விரல் நுனிகள் தொட்டும் தொடாமலும் நிற்கும். அந்த இடத்தில் கைகளை நிறுத்தினாள்.

"அப்பா, இந்த வளையத்துக்குள்ள டேப்பை ஓட்டுங்க. கையை அசைக்காம நிக்கறேன்."

பெயிண்டர் எழுந்து வந்து டேப்பைப் பிடித்தார். மகளின் கைகளுக்கு நடுவே இருந்த காலி இடத்தைத் தலை சாய்த்துப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் அகட்டு. உங்கம்மா அவ்வளவு ஒல்லி இல்ல."

"எனக்குக் காது கேக்குது" என்றது கட்டில்.

ஊசி சிரித்துவிட்டாள். சிரிப்போடு கை இன்னும் கொஞ்சம் விரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் காலி வளையத்துக்குள் அம்மா சாய்ந்து கொடுப்பது போலவே இருந்தது.

வெட்டினாள். இந்த முறை கத்தரிக்கோல் கோட்டைத் தொடவில்லை. கோட்டுக்கு வெளியே, யூனிஃபார்முக்கு விடுவதைவிடத் தாராளமாகத் துணி விட்டு ஓடியது. தைக்கும்போது வேறொரு எண்ணமும் ஓடியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடி ஓரத்தை மட்டும் மடிக்கக் கூடாது. நாளைக்கு என்று சொல்லலாம். அப்புறம் நூல் இல்லை என்று சொல்லலாம். அங்கி முடியாத வரைக்கும் அம்மா எங்கே போவாள்?

தைத்ததைக் கொண்டு வந்தாள். அம்மா உள்பக்கம் திருப்பினாள். பக்கத் தையலுக்குள் மடித்து விட்ட துணியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அந்த விரல் அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"போட்டுப் பாக்கணும்" என்றாள்.

"யாராவது இதைப் போட்டுப் பாப்பாங்களாம்மா?"

"நான் பாப்பேன்."

இரண்டு பேருமாகத் தூக்கி உட்கார வைத்தார்கள். தலை வழியாக அங்கி இறங்கியது. தோள் ஒரு பக்கம் சரிந்தது. இடுப்பில் இன்னொரு ஆள் நுழையலாம். பெரிய கூடாரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிற குழந்தை மாதிரி அம்மாவின் முகம் மேலே தெரிந்தது.

"இதை நெறச்சுக்கிட்டு நான் நிக்கற அன்னைக்கு நீ என்னைப் பாக்கணும்" என்றாள். "பாப்பியா?"

ஊசிக்குப் பொய் சொல்லப் பிடிக்காது. சொன்னாலும் அம்மா உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிடுவாள். தரையில் மண்டியிட்டு, தொங்கிய துணியைப் பிடித்துக்கொண்டாள்.

"பாக்கணும்மா. எனக்குப் பாக்கணும்."

அம்மா அந்தச் சொல்லை எடை போட்டுப் பார்த்தாள். "சரி. பாக்கணும்னு கேளு. விடாம கேட்டுக்கிட்டே இரு."

படுக்க வைக்கப் போனபோது அங்கியைக் கழற்ற விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இதைப் போட்டுக்கிட்டு ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு வரேன்."

பெயிண்டருக்கு வாய் திறந்தபடி நின்றது. "ஏய், குழிக்கு வச்ச துணியை எவளாவது உசுரோட கோயிலுக்குப் போட்டுக்கிட்டு வருவாளா? சபை என்ன சொல்லும்?"

"என்ன வேணா சொல்லட்டும். பெட்டிக்குள்ள போட்டா யாரு பாக்கறது? என் பொண்ணு தையலை நாலு பேர் பாக்கட்டும். நான் எங்க போறேன்னும் பாக்கட்டும்." மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி பிடித்தாள். "நீங்க என்னை உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போக நாற்காலிக்கு ஏற்பாடு பண்ணுங்க. ஊசி, ஓரத்தை மடிச்சுடு. கால்ல தடுக்கக் கூடாது."

ஊசி அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஊசியைப் பார்த்தார். எழுந்து உட்காரவே இரண்டு பேர் வேண்டியிருக்கிற உடம்பு. ஆனால் அந்தக் கண்ணில் இருந்த ஆசையை இரண்டு பேராலும் மறுக்க முடியவில்லை.

முடிக்கவே கூடாது என்று தள்ளி வைத்த ஓரம் அது. ஊசி நூலைக் கோத்தாள். கட்டில் காலடியில் உட்கார்ந்து, அம்மா போட்டிருக்கும்போதே அங்கியின் அடியை மடித்துத் தைக்க ஆரம்பித்தாள். வேகமாகத் தைத்தாள். தாமதிக்க நேரமில்லை.

அம்மா தூங்கிவிட்டாள். பெயிண்டர் விளக்கைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு, வெள்ளைத் துணி மார்பில் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தடவை ஏறியது, இறங்கியது. அடுத்த தடவை ஏறக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. ஊசியின் கை அந்தரத்தில் நின்றது. துணி மறுபடி ஏறியது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் இன்னும் சனிக்கிழமை முழுசாகக் கிடந்தது.